டயாலிசிஸ் படுக்கைக்குக் கோடு போட்ட 60 போர்வைகள்: நன்கொடை வேண்டுகோள்

எங்கள் குடியிருப்பில் வசிக்கும் எல்லோருக்கும், நங்கநல்லூர், பழவந்தாங்கல், ஆதம்பாக்கம் பக்கத்து நண்பர்களுக்கும் கைவேலைக் குழுவின் வணக்கம்.

குழுவில் நாங்கள் 28 பேர். சனிக்கிழமை சாயங்காலம் சங்க அறையில் கூடிக் குரோஷா பின்னுகிறோம். இத்தனை நாளும் எங்கள் காசில், எங்கள் வீட்டுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்தான் பின்னிக்கொண்டிருந்தோம். முதல் தடவையாக இப்போது உங்களிடம் கை நீட்டுகிறோம். ஒரு டயாலிசிஸ் பிரிவில் சிகிச்சைக்கு வரும் 60 பேருக்கு, ஆளுக்கு ஒரு போர்வை பின்னித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதற்கு 30,800 ரூபாய் குறைகிறது.

சென்னையில் போர்வை எதற்கு என்று கேட்பீர்கள். எங்களுக்குள்ளேயே அந்தக் கேள்வி வந்தது. பங்குனி, சித்திரையில் ஃபேனுக்கு அடியிலும் வேர்த்துக் கொட்டுகிற ஊர் இது. ஆனால் டயாலிசிஸ் அறைக்குள் போய் நின்றவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது.

எங்கள் குழுவில் மூத்தவரான ஒரு மாமியின் கணவருக்கு இரண்டு வருஷமாக டயாலிசிஸ் நடக்கிறது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, இயந்திரத்தில் சுத்தமாகி, மறுபடி உடம்புக்குள் போகிறது. எந்த நிமிஷமும் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான ரத்தம் உடம்புக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கும். அறைக் காற்றில் அந்தக் குழாய்களுக்குள் ஓடும்போது சூடு இறங்குகிறது. சிறுநீரகம் பழுதானவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தசோகையும் சேர்ந்தே இருக்கும். அதோடு அறை முழுக்க ஏசி. ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டியதால் கொஞ்ச நேரத்தில் பல் கிட்டிப்போகிறது. மாமா முதல் சில மாதங்கள் வேட்டியை நாலாக மடித்துப் போர்த்திக்கொண்டு சமாளித்தார்.

வீட்டுக் கம்பளியைக் கொண்டுபோனால் அதில் வேறு சங்கடம். ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையை மூடவே கூடாது. ஊசி நழுவினால் சிஸ்டர் கண்ணில் அந்தக் கணமே பட வேண்டும். கம்பளிக்கு அடியில் நழுவினால் ரத்தம் போவது யாருக்கும் தெரியாது, உயிருக்கே ஆபத்து. இரட்டைப் படுக்கைக் கம்பளி எப்படிச் சுருட்டி வைத்தாலும் சரிந்து கைமேல் வந்து விழுகிறது. அதனால் நெஞ்சிலிருந்து கணுக்கால் வரை மூடி, கைகளை வெளியே விடுகிற அளவுதான் சரி. மாமி தன் கையால் 100 சென்டிமீட்டர் அகலம், 130 சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்று பின்னிக் கொடுத்தார். குறுக்கே 14 கோடுகள்.

அடுத்த படுக்கையில் ஒரு ஆட்டோக்காரர். இரண்டு வாரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் கேட்டார்: “அம்மா, இது எங்க வாங்குனது? எனக்கும் ஒண்ணு போட்டுத் தர முடியுமா? காசு குடுத்துடறேன்.” அவருக்கு ஒன்று பின்னினார் மாமி. காசு வாங்கவில்லை. அதைப் பார்த்து எதிர்ப் படுக்கைக்காரரின் மனைவி வந்து கேட்டார். ஒரு மாதத்துக்குள் அங்கிருக்கும் சிஸ்டரே ஒரு நோட்டில் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டார். அந்த நோட்டில் இன்றைக்கு 60 பெயர்கள் இருக்கின்றன. பலருக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவு தீர்ந்துவிடுகிறது. போர்வை எந்தத் திட்டத்திலும் வராது, அதை யாராவது பின்னித்தான் தர வேண்டும்.

நிறங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் குழுவில் ரொம்ப நேரம் பேசியது அதைத்தான். மாமியின் முதல் போர்வை வெளிர் நீலம். மூன்றாம் வாரமே அதில் அயோடின் மருந்தின் பழுப்புக் கறை. ஊசி குத்தும் இடத்தைத் துடைக்கிற மருந்து அது, எத்தனை தோய்த்தாலும் லேசில் போகாது. கறை படிந்த போர்வையை விரிக்க மாமாவுக்குக் கூச்சமாகிவிட்டது. அப்போதுதான் எங்கள் வாசல் பாதாம் மரம் ஞாபகத்துக்கு வந்தது. நம் ஊரில் மேல்நாட்டு இலையுதிர் காலம் கிடையாது, நமக்கு உள்ளவை காரும் கூதிரும் பனியும் வேனிலும்தான். ஆனால் இந்த நாட்டு வாதுமை மட்டும் கொட்டுவதற்கு முன்னால் இலையெல்லாம் சிவந்து நிற்கும். பச்சையம் குறையக் குறைய, அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு மட்டும் அப்போதுதான் இலைக்குள் புதிதாக உண்டாகிறது.

போன தை மாதம் அந்த மரத்தடியில் பொறுக்கிய ஓர் இலையை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, மூன்று பேர் பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைக்குப் போனோம். உள்ளங்கையை விட அகலமான இலை. விளிம்பில் அரக்கு, உள்ளே வரவர செங்கல் சிவப்பு, அதற்கும் உள்ளே மாம்பழ மஞ்சள். நடு நரம்பை ஒட்டி மட்டும் விரல் அகலத்துக்குப் பாசிப்பச்சை விடாமல் நின்றிருந்தது. காம்புப் பக்கம் ஒரு புழு தின்ற ஓட்டை, அதைச் சுற்றித் தேக்கு நிறத்தில் ஒரு வளையம். கடைக்காரர் இலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருண்டையைப் பக்கத்தில் வைத்தார். இவற்றோடு கடுகு மஞ்சளும், இவற்றுக்கு நடுவே கண்ணுக்கு ஓய்வு தர சந்தன நிறமும் சேர்த்து மொத்தம் ஏழு. இந்த நிறங்களில் அயோடின் பட்டாலும் உறுத்தாது. சுவரும் விரிப்பும் திரையும் வெளுத்துக் கிடக்கிற அந்த அறைக்கு நல்ல சூடான நிறங்கள் போகட்டும் என்ற ஆசையும் எங்களுக்கு உண்டு.

நூல் அக்ரிலிக். கடையில் உல்லன் என்றே சொல்லிக் கொடுப்பார்கள், ஆனால் ஆட்டு ரோமம் துளியும் இருக்காது. நிஜக் கம்பளி சிலருக்கு அரிக்கும், வெந்நீரில் போட்டால் சுருங்கும். பருத்தி நூல் கனம் அதிகம், காய நேரமாகும். அக்ரிலிக் வாஷிங் மெஷினைத் தாங்கும், சீக்கிரம் உலரும். இஸ்திரி மட்டும் கூடவே கூடாது, சூட்டில் நூல் தளர்ந்து போர்வை தொளதொளத்துவிடும். தொற்று பயம் இருக்கிற இடம் என்பதால் ஒருவர் போர்வையை இன்னொருவர் போர்த்தக் கூடாது. ஆகவே ஒவ்வொன்றும் பெயர் தைத்த ஒரு மஞ்சப்பையில் போய்ச் சேரும். அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து, அடுத்த முறைக்குக் கொண்டுவருவார்கள்.

கணக்கு இதுதான். 100 கிராம் உருண்டை மொத்த விலையில் 90 ரூபாய். ஒரு போர்வைக்கு நிறத்துக்கு ஒன்றாக ஏழு உருண்டை, 630 ரூபாய். பைக்கும் பெயர்த் துணிக்கும் சோப்புத் தூளுக்கும் 70 ரூபாய். ஆக 700. அறுபதுக்கு 42,000. நாங்கள் 28 பேரும் தலைக்கு 400 போட்டதில் 11,200 ரூபாய் கையில் இருக்கிறது. மீதிக்குத்தான் உங்களிடம் வருகிறோம். பின்னுகிற கூலி ஒரு பைசா கிடையாது.

ஓர் உருண்டையில் இரண்டு கோடு வரும், மிஞ்சும் நூலெல்லாம் சுற்றுக் கரைக்குப் போய்விடும். ஆக 45 ரூபாய் கொடுத்தால் ஒரு கோடு உங்களுடையது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் கொடுக்கலாம் என்பதற்காகவே இப்படிப் பிரித்தோம். ஆடித் தள்ளுபடிக்கென்று எடுத்து வைத்த பணத்தில் 700 ரூபாயை ஒதுக்க முடிந்தவர்கள் ஒரு முழுப் போர்வையையே ஏற்றுக்கொள்ளலாம்.

பணம் ஆகஸ்ட் 10-ஆம் தேதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று நாங்கள் அவசரப்படுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒவ்வொரு தடவை சாயம் போடும்போதும் நிறம் ஒரு நூல் அளவாவது மாறும். அதனால்தான் உருண்டையைச் சுற்றிய காகிதத்தில் லாட் நம்பர் போட்டிருக்கும். மாதிரிக்குப் பின்னிய போர்வையில் கடுகு மஞ்சள் தீர்ந்துபோய், இரண்டு வாரம் கழித்து வேறு லாட்டில் ஓர் உருண்டை வாங்கிச் சேர்த்தோம். டியூப்லைட்டில் ஒன்றும் தெரியவில்லை. மொட்டை மாடி வெயிலில் விரித்ததும் ஒட்டுப் போட்ட மாதிரி பளிச்சென்று தெரிந்தது. ஆகவே 420 உருண்டையையும் ஒரே தடவையில், நிறத்துக்கு ஒரே லாட்டாக வாங்க வேண்டும். லூதியானா மில்லிலிருந்து அப்படி வரவழைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார், முழுப் பணத்தோடு வரச் சொன்னார்.

இரண்டாவது காரணம் மழை. பின்னி முடித்த போர்வையைத் துவைத்து, நன்றாக உலர்த்தித்தான் கொடுக்க முடியும். ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் கொடியில் போட்டது மூன்று நாளானாலும் ஈரம் போகாது, வாடை வந்துவிடும். அந்த வாடையோடு நோயாளி கையில் கொடுக்க மனசு வராது. புரட்டாசி முடிவதற்குள் பின்னி முடித்தாக வேண்டும்.

முடியுமா என்று கேட்டால், முடியும். ஒரு வரிசையில் 120 கண்ணி, ஒரு கோட்டுக்கு ஒன்பது வரிசை. போர்வை ஒன்றுக்கு 15,120 கண்ணி. கை பழகியவர்களுக்குப் பதினேழு மணி நேரம் பிடிக்கிறது. ஆளுக்கு இரண்டு போர்வை, சிலருக்கு மூன்று. சிரமம்தான், ஆனால் இந்த ஊர் இதைவிடப் பெரிதாகப் பின்னியிருக்கிறது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் பெண்கள் பலர் பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கினார்கள், உலகத்திலேயே பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸில் ஏறியது. அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் எங்களில் பாதிப் பேர் கொக்கி ஊசியையே கையில் எடுத்தோம்.

பணம் கொடுக்க முடியாதவர்கள் கை கொடுக்கலாம். 5.5 மில்லிமீட்டர் கொக்கி ஊசி வேண்டும், தையல் அமெரிக்க முறை ஹாஃப் டபுள். பிரிட்டிஷ் முறையில் இதே தையலுக்கு ஹாஃப் டிரெபிள் என்று பெயர், அதனால் வந்து ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் மாற்றுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வரிசையின் கடைசிக் கண்ணியைப் பழைய நிறத்திலேயே முடித்துவிடக் கூடாது. ஊசியில் மூன்று வளையம் இருக்கும்போது பழைய நூலை விட்டுவிட்டு, புது நூலை மாட்டி மூன்றுக்குள்ளும் இழுக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த வரிசை முதல் கண்ணியிலிருந்தே புது நிறத்தில் ஆரம்பிக்கும், கோடு கத்தியால் வெட்டியது போல நேராக நிற்கும். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, கல்லூரி மாணவர், சில வரிசைகளில் ஓரக் கண்ணியை விட்டுவிட்டார். பத்தாவது கோட்டில் எண்ணிப் பார்த்தால் 103. போர்வை மேலே போகப் போகக் குறுகி முறம் மாதிரி நின்றது. ஒரு நூலைப் பிடித்து இழுத்தோம், மூன்று வார வேலை அரை மணி நேரத்தில் உருண்டையாகிவிட்டது. அவர் மனம் தளரவில்லை, முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஊக்கு மாட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்து முடித்துவிட்டார். பின்னத் தெரியாதவர்கள் நூல் முனைகளை உள்ளே சொருக வரலாம். ஒரு போர்வையில் கோடுகளுக்கு மட்டுமே 28 முனைகள்.

வீட்டில் மிச்சமிருக்கும் பழைய உல்லனைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அன்பாகத்தான் தருகிறீர்கள் என்று தெரியும். ஆனால் எது கம்பளி, எது அக்ரிலிக் என்று தொட்டுப் பார்த்துப் பிரிக்க எங்களால் ஆகவில்லை, பஞ்சு உதிர்கிற நூல் அந்த அறைக்குள் போகவே கூடாது.

நன்கொடையைச் சங்க அறையில் தினமும் மாலை 5 முதல் 7 மணி வரை கொடுக்கலாம். 45 ரூபாய்க்கும் ரசீது உண்டு. பதிவு செய்த அறக்கட்டளை இல்லை என்பதால் வருமான வரி விலக்கு கிடைக்காது, இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கடை பில்லும் வரவு செலவும் வாரா வாரம் அறிவிப்புப் பலகையில் இருக்கும். பணம் அதிகமாகச் சேர்ந்தால் நோட்டில் அடுத்து எழுதப்படும் பெயர்களுக்கு நூலாகிவிடும்.

மாதிரிப் போர்வை சங்க அறைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது, தொட்டுப் பாருங்கள். மாமா இப்போது கடிகாரம் பார்ப்பதில்லையாம். மணிக்கு மூன்றரைக் கோடு என்று கணக்கு வைத்துக்கொண்டு, நெஞ்சுப் பக்கத்துச் சந்தனக் கோட்டிலிருந்து கால்மாட்டு அரக்கு வரை கண்ணாலேயே இறங்கி வருகிறார். அரக்கு வரும்போது சிஸ்டர் ஊசி எடுக்க வருவாராம்.

இப்படிக்கு,
கைவேலைக் குழு உறுப்பினர்கள் 28 பேர்