பழைய செயலிகளைப் பராமரிக்கும் குழுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர்களே, திட்ட மேலாளர்களே,

யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன ஜாங்கோ (பைதான் மொழியில் வெப் செயலி கட்ட உதவும் சட்டகம்), பிஎச்பி செயலிகளைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் டெவலப்பர்கள் சார்பில் எழுதுகிறேன். எல்லாவற்றையும் புதிதாக எழுதலாம் என்று கேட்க வரவில்லை. அதற்கு பட்ஜெட் வராது என்று எங்களுக்கும் தெரியும். கோட் இருக்கிறபடியே இருக்கட்டும். அதை லேப்டாப்பில் ஓட்டவும் சர்வரில் ஏற்றவும் தேவையான கருவிகளைச் சேர்க்க இரண்டு வாரம் ஒதுக்குங்கள், போதும்.

இப்போது என்ன நடக்கிறது? செயலியை ஓட்டுவது எப்படி என்று சொல்லும் ரீட்மீ ஃபைலில் ஒரு பைதான் பதிப்பு, சர்வரில் வேறொன்று. புதிதாகச் சேர்ந்தவர் முழி பிதுங்கி நின்றால், "அந்த அண்ணனைக் கேளு" என்கிறோம். அண்ணன் லீவு என்றால் டெப்ளாயும் (சர்வரில் ஏற்றும் வேலையும்) லீவு.

"ஓடுகிறதே, எதற்குத் தொட வேண்டும்?" என்பீர்கள். நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்திலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டிய புதிய கோட் ஒன்றில் மட்டும் விட்டுப்போனது. சரிபார்க்க இரண்டாவது ஆள் இல்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும், அந்த ஒரு சர்வரில் பல வருடங்களாகச் சும்மா கிடந்த பழைய கோட் விழித்துக்கொண்டு ஆர்டர்களை அள்ளி வீசியது. சுமார் 45 நிமிடம். நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல். அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் 2013இல் பிறப்பித்த உத்தரவில் இது பதிவாகியிருக்கிறது.

சரி, செயலியையும் அது ஓடத் தேவையானதையும் கன்டெய்னர் என்ற ஒரே பெட்டியில் அடைக்கும் டாக்கருக்குள் போட்டுவிட்டால் முடிந்ததா? அப்படிச் சொல்பவரையும் நம்பாதீர்கள். பழைய செயலிக்கு டாக்கர்ஃபைல் (அந்தப் பெட்டியைக் கட்டும் குறிப்பு) எழுத உட்காரும்போதுதான் அது எதையெல்லாம் நம்பி ஓடுகிறது என்பதே தெரியவரும். டேட்டாபேஸ் முகவரி லோக்கல்ஹோஸ்ட் (இதே கணினி) என்று கோடிலேயே இருக்கும். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான்; டேட்டாபேஸ் அங்கே கிடையாது. பயனர்கள் ஏற்றிய படங்கள் கோடுக்குப் பக்கத்து ஃபோல்டரில் கிடக்கும். கன்டெய்னருக்கு வெளியே சேமிக்கும் வால்யூம் ஒன்றைத் தனியாக இணைக்காவிட்டால் கன்டெய்னரை மாற்றியதும் அத்தனையும் காலி. அப்புறம் நேரம். சர்வர் இந்திய நேரத்தில் இருக்கும், கன்டெய்னரோ பெரும்பாலும் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில். அதிகாலை மூன்று மணிக்குப் போட்ட பில் முந்தைய நாள் கணக்கில் போய் விழும். டாக்கர்ஃபைல் பத்து வரிதான். இரண்டு வாரம் கேட்பது இவற்றைத் தோண்டியெடுக்க.

கோடில் எழுதிவைத்த பாஸ்வேர்டுகளை கோடுக்கு வெளியே இருக்கும் என்விரான்மென்ட் வேரியபிளுக்கு நகர்த்தினால் மட்டும் போதாது, பாஸ்வேர்டையே மாற்ற வேண்டும். கோடின் எல்லா மாற்றங்களையும் சேமித்து வைக்கும் கிட் வரலாற்றில் பழையது அப்படியே இருக்கும். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் (புதிய கோடை கிட்டில் ஏற்றும்போதெல்லாம்) லாகின் வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்டாவது தானாக ஓடட்டும். டாக்கர் கட்டிவைத்த முந்தைய இமேஜை (கன்டெய்னரின் அச்சை) அழிக்காமல் வைத்திருந்தால், சொதப்பும்போது உடனே பழையதற்குத் திரும்பலாம்.

ஒரே சர்வரில் ஓடும் செயலிக்கு தயவுசெய்து பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் வேண்டாம். ரெஸ்யூமேவுக்கு அழகு, பராமரிக்கிறவருக்குத் தலைவலி. எந்தெந்தக் கன்டெய்னர் ஓட வேண்டும் என்று சொல்லும் ஒரு கம்போஸ் ஃபைலும் ஒரு டெப்ளாய் ஸ்கிரிப்ட்டும் தாராளம்.

இதை "நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்று தள்ளிவிடாமல், அடுத்த ஸ்பிரின்ட்டில் (குழுவின் அடுத்த வேலைச் சுற்றில்) மணிக்கணக்கோடு டிக்கெட் போடுங்கள். வேறு குழுவைச் சேர்ந்த ஒருவர், புது லேப்டாப்பில், யாருக்கும் போன் போடாமல் செயலியை ஓட்டிக் காட்டிய பிறகு அந்த டிக்கெட்டை மூடுங்கள்.

இப்படிக்கு,
பராமரிப்புக் குழு டெவலப்பர் ஒருவர்