கோச்சு வண்டிக்கு வர்ணம் அடித்தவர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி உனக்கும் எனக்கும் ஒன்றுதான், அதைப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. மகளுக்கு இங்கே தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலேயே வேலை நிரந்தரமாகிவிட்டது. பேரன் வந்தால் சுவரெல்லாம் கிறுக்குகிறான், நான் தடுப்பதில்லை.

உருவப்படம் வரையச் சொன்னவன் பணம் தராததால் இனிமேல் ஆள் முகம் வரையமாட்டேன், மலை மட்டும்தான் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் எனக்குத் தாமஸ் பெயின்ஸ் என்ற அந்தக் காலத்து ஓவியர் ஞாபகம்தான் வந்தது. நம்மைப் போலவே ஓவியப் பள்ளியில் படிக்காதவர். 1820இல் இங்கிலாந்தில் கிங்ஸ் லின் ஊரில் பிறந்து, கோச்சு வண்டிகளுக்கு வர்ணம் அடித்து, கதவில் பெரிய குடும்பங்களின் சின்னம் தீட்டுகிற தொழிலைப் பழகிக்கொண்டு, 1842இல் கேப்டவுனுக்குக் கப்பலேறினார். கடைப் பலகை எழுதிப் பிழைத்த நமக்குத் தெரியாதா, வளைவில் கோடு நடுங்காமல் இழுக்கக் கை எத்தனை வருஷம் பழக வேண்டும் என்று! அந்தக் கைதான் அவருக்குக் கடைசிவரை சோறு போட்டது. உருவப்படம் வரைந்து காசு பார்த்தார், கேப் காலனியின் எல்லைப் போரில் படையோடு போய் வரைந்தார், ஆஸ்திரேலியாவின் வடக்கே ஒரு பயணக் குழுவோடு சுற்றினார்.

1858இல், ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பேர்பெற்ற பயணி டேவிட் லிவிங்ஸ்டன் தன் சாம்பேசி ஆற்றுப் பயணத்துக்கு அவரை ஓவியராகவும் சாமான் கிடங்குக்குப் பொறுப்பாளராகவும் எடுத்துக்கொண்டார். வினை அந்த இரண்டாவது வேலையில்தான். காய்ச்சலில் கிடந்த மனிதர் மேல் சாமான் திருடினார் என்று பழி போட்டு, மறுவருஷமே நீக்கிவிட்டார்கள். லிவிங்ஸ்டனின் தம்பிதான் குற்றம் சொன்னவர். பெயின்ஸ் கடைசிவரை மறுத்தும் அந்தப் பழி துடைக்கப்படவே இல்லை. அதற்காக மூலையில் உட்காராமல், சாப்மன் என்பவரோடு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து மாட்டு வண்டி கட்டி 1862இல் விக்டோரியா அருவிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே உட்கார்ந்து வரைந்தார். 1865இல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன.

அந்தப் பயணத்தில், இன்று போட்ஸ்வானாவில் இருக்கிற உப்புப் பாலை ஓரத்தில், பெருத்த அடிமரமுள்ள பாவோபாப் மரங்களின் ஒரு கூட்டத்தையும் வரைந்தார். அந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. அங்கே போய் எடுத்த போட்டோவைப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார், சாய்ந்து கிடக்கிற மரம் உட்பட ஏறக்குறைய அப்படியே இருக்கும். என்னைக் கேட்டால் அவர் வரைந்த மனிதர்கள்தான் மரக்கட்டைகள், மரங்களுக்கு உயிர் இருக்கிறது. ஆனாலும் முகம் வரைவதை அவர் விடவில்லையே!

அப்புறம் 1869இல் தங்கம் தேடுகிற கம்பெனிக்காக இன்று ஜிம்பாப்வேயில் இருக்கிற மஷோனாலாந்துக்குப் போனார். கம்பெனி நொடித்து, கடன் இவர் தலையில் விழுந்தது. 1875 மே மாதம் நம் டர்பனில், வயிற்றுக்கடுப்பில் செத்தபோது வயது 54. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்து, பிறகு நின்றுபோயிருந்த கப்பல்கள் 1874இல்தான் மறுபடி வரத் தொடங்கியிருந்தன, அதனால் நம் பாட்டன்மார் சிலர் அவர் நடந்த தெருவிலேயே நடந்திருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூக்கு பெரிதாக இருக்கிறது என்று அந்த ஆள் பணம் தராமல் இழுத்தடிக்கிறான் என்பதற்காக முகத்தையே விட்டுவிடாதே. பாதிப் பணத்தை முன்னாலேயே வாங்கு, மீதியை அவன் கொடுத்தபிறகு படத்தைக் கொடு. அந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு டிராக்கன்ஸ்பர்க் மலைக்குப் போ. தீபாவளிக்கு வரும்போது அந்த மலைப் படத்தைச் சுருட்டாமல் சட்டத்தோடு கொண்டு வா, போன தடவை வர்ணம் வெடித்துவிட்டது.

அன்புடன்,
உன் நண்பன்