பீர் ஆலையும் பங்குச் சந்தையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் வட்டார பீர் ஆலைகளைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, அவை மூடப்படுவதற்கு மக்களின் ரசனை மாறியதே காரணம் என்று கூறுவது எனக்கு முழுமையாகப் படவில்லை. மான்செஸ்டரின் பாடிங்டன்ஸ் பீர் நிறுவனத்தின் வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது.

1778-இல் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் பகுதியில் தொடங்கப்பட்ட அந்த ஆலையில் 1832-இல் விற்பனையாளராகச் சேர்ந்த ஹென்றி பாடிங்டன், 1853-இல் அதன் தனி உரிமையாளரானார். 1969-இல் அலைடு ப்ரூவரீஸ் என்னும் பெருநிறுவனம் அதை விழுங்க முயன்றபோது, அக்குடும்பத்தார் விட்டுக்கொடுக்காமல் போராடி அம்முயற்சியை முறியடித்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1989-இல், அதே பாடிங்டன்ஸ் நிறுவனம் பீர் காய்ச்சும் தொழிலை விட்பிரெட் நிறுவனத்துக்குத் தானாகவே விற்றுவிட்டு, மதுக்கூடங்களை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. ஆலையைவிட மதுக்கூடங்களே ஆதாயமானவை என்ற கணக்கு அன்றே தெளிவாகிவிட்டது. அந்த மதுக்கூடங்களும் 1995-இல் கிரீனால்ஸ் என்னும் மதுக்கூட நிறுவனத்தின் வசம் சென்றன.

வேடிக்கை என்னவென்றால், ‘மான்செஸ்டரின் பாலாடை’ என்ற விளம்பரத்தால் அந்த பீர் நாடு முழுவதும் புகழ்பெற்றது விற்பனைக்குப் பிந்தைய தொண்ணூறுகளில்தான். ஆயினும் 2000-இல் விட்பிரெட்டின் பீர் தொழில் பெல்ஜியத்தின் இன்டர்ப்ரூ நிறுவனத்திடம் கைமாறிய பின், 2005-இல் ஆலை மூடப்பட்டது, 2007-இல் இடிக்கப்பட்டது. குடிப்பவர்களின் நாக்கை மட்டும் இதற்குப் பொறுப்பாக்குவது எவ்வாறு பொருந்தும் என்பதைக் கட்டுரையாளர் விளக்கினால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்