முன்னுரையிலேயே துரோகியின் பெயரைச் சொல்லாதீர்கள்

உளவு நாவல்களை வெளியிடும் பதிப்பாளர்களுக்கும், அவற்றுக்கு முன்னுரையும் பின்னட்டைக் குறிப்பும் எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

எந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களில் ஒருவருக்கு நன்றாகவே தெரியும். இரண்டு முறை கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. மற்றவர்களும் இதையே செய்கிறீர்கள் என்பதால் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பொதுவில் எழுதுகிறேன். புத்தகத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் இதைப் படிக்கிறவர்களுக்கும் அந்தக் கதை பாழாகிவிடும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று: உள்ளே ஒளிந்திருக்கும் துரோகி யார் என்பதை, வாசகர் கதைக்குள் நுழைவதற்கு முன்பே சொல்லாதீர்கள்.

என் அப்பாவுக்குக் குளுக்கோமாவால் பார்வை போய் நான்கு வருடம் ஆகிறது. வாழ்நாள் முழுக்க உளவு நாவல்களாகப் படித்துத் தள்ளியவர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கதை பாதியைத் தாண்டியதும், தான் சந்தேகப்படும் ஆளின் பெயரைப் பென்சிலால் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மடித்துக் கடைசிப் பக்கத்தில் செருகிவிடுவார். முடித்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பார். பாதி தடவை தப்பாகத்தான் இருக்கும், தப்பாக இருந்தால்தான் அவருக்கு அதிக சந்தோஷம். பார்வை போன பிறகு நான் வாசிக்கிறேன், அவர் பெயரைச் சொல்கிறார், சீட்டில் நான் எழுதி வைக்கிறேன். ஒரு நாளைக்கு இருபது பக்கம், சில நாள் துரத்தல் காட்சி வந்துவிட்டால் நாற்பதுகூடப் போகும்.

அந்தப் புத்தகத்துக்காக மூன்று மாதம் காத்திருந்தோம். வந்த அன்றே உட்கார்ந்து, அவருக்குப் பிடிக்கும் என்று முதல் பக்கத்திலிருந்து முன்னுரையையும் சேர்த்தே வாசித்தேன். மூன்றாவது பத்தியில், அந்த அமைப்பின் தலைவரே இத்தனை வருடமும் எதிரிக்கு வேலை செய்தவர் என்பதை ஆசிரியர் எவ்வளவு அழகாக மறைத்திருக்கிறார் என்று பாராட்டி, பெயரையும் போட்டு எழுதியிருந்தது. வாசித்துக்கொண்டே போனதில் நிறுத்த முடியவில்லை, பெயர் என் வாயிலிருந்தே வந்துவிட்டது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிம்மா, மூடி வை. வேற ஏதாவது படிக்கலாம்" என்றார். 412 பக்கப் புத்தகம் அது. அதற்குள் துண்டுச்சீட்டு வைக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

கண் தெரிகிறவர் முன்னுரையைத் தாண்டிப் போய்விடலாம் என்று நீங்கள் சொல்லலாம். எது ஆபத்து என்று தெரிந்தால்தானே தாண்டிப் போக முடியும்? முன்னுரை என்று பெயர் வைத்து முன்னால் அச்சிட்டால், முதலில் படி என்றுதான் அர்த்தம். இப்போது எந்தப் புத்தகம் வந்தாலும் நான் தனியாக உட்கார்ந்து முன்னுரை, பின்னட்டை, பொருளடக்கம் எல்லாவற்றையும் சோதித்துவிட்டுத்தான் அப்பாவிடம் எடுத்துப் போகிறேன். விளைவு என்ன தெரியுமா? பல புத்தகங்களில் துரோகி யார் என்று எனக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அந்த ஆள் பேசும் இடம் வரும்போது என் குரல் மாறுகிறதாம். "நீ அவன் பேர் வர்றப்ப இழுக்கிற" என்று அப்பா கண்டுபிடித்துவிட்டார். இப்படி இரண்டு பேருக்குமே கதை போய்விட்டது.

முடிவு தெரிந்தால் என்ன, நல்ல நாவல் அதையும் தாண்டி நிற்கும் என்று ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். 1971இல் வந்த ஃபிரடெரிக் ஃபோர்சைத்தின் ஜாக்கல் நாவலை உதாரணம் காட்டினார். பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்லக் கூலிக்கு அமர்த்தப்பட்டவனின் கதை அது. டி கோல் 1970இல் தன் வீட்டில் இயற்கையாக இறந்தவர், ஆகவே கொலைகாரன் தோற்பான் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிறோமே என்றார். உண்மைதான், நானும் அப்படித்தான் படித்தேன். பொய்க் கடவுச்சீட்டு எப்படி வாங்குகிறான், துப்பாக்கியை எப்படிச் செய்யச் சொல்கிறான், போலீஸ் எத்தனை நாள் பின்தங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு அடியும் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் அங்கே முடிவை வெளியில் வைத்தது ஆசிரியர். 'நடக்குமா' என்ற கேள்வியை எடுத்துவிட்டு 'எப்படித் தடுப்பார்கள்' என்ற கேள்வியை நம் கையில் கொடுத்தது அவருடைய முடிவு. அதே உரிமையோடு இன்னொரு ஆசிரியர் 'யார்' என்பதைக் கடைசிவரை பூட்டி வைக்கிறார். அந்தப் பூட்டை உடைக்க முன்னுரை எழுதுகிறவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

உளவு நாவலின் கவர்ச்சியே இதில்தான் இருக்கிறது. துப்பாக்கிச் சண்டை, கூரை மேல் ஓட்டம், ஓடும் ரயிலில் கைகலப்பு, இதெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அந்த ஓட்டத்தில் நெஞ்சு அடித்துக்கொள்வது, ஓடுகிறவன் யாரிடம் போய்ச் சேரப்போகிறான் என்று நமக்குத் தெரியாததால்தான். கதவைத் திறந்து உள்ளே விடும் நண்பன் நண்பன்தானா என்ற சந்தேகம் இல்லாவிட்டால் அது வெறும் ஓட்டப்பந்தயம். சாமர்செட் மாம், கிரஹாம் கிரீன், இயன் ஃபிளெமிங், ஜான் லெ காரே என்று இந்த வகையை வளர்த்தவர்களில் பலர் உண்மையிலேயே உளவுத்துறையில் வேலை பார்த்தவர்கள். யாருக்கு எது எப்போது தெரிய வேண்டும் என்பதை அளந்து கொடுப்பது அவர்கள் பார்த்த வேலையின் பாடம், அதையே எழுத்திலும் செய்தார்கள். பிரிட்டிஷ் உளவுத்துறையில் உயர்ந்த பதவிகளில் இருந்துகொண்டே ரகசியமாக சோவியத் யூனியனுக்கு வேலை செய்த கிம் ஃபில்பி, 1963இல் அங்கேயே தப்பிப் போனார். பக்கத்து மேசைக்காரரையே நம்ப முடியாத அந்தக் காலத்தின் வலி, லெ காரே 1974இல் எழுதிய டிங்கர் டெய்லர் நாவலில் இருக்கிறது. அதில் துரோகி யார் என்று நான் இங்கே எழுத மாட்டேன். ஐம்பது வருடம் ஆனாலும், நாளைக்கு முதல் முறையாக அதைத் திறக்கிறவருக்கு அது புதுக் கதை.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 59ஆவது. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர், ஒற்றனுக்கு நாலு பேர் அறியச் சிறப்புச் செய்யாதே, செய்தால் மறைக்க வேண்டியதை நீயே வெளியே போட்டதாகிவிடும் என்கிறார். 'புறப்படுத்தான் ஆகும் மறை.' உங்கள் முன்னுரைகள் செய்வது அச்சு அசல் இதுதான். பாராட்டுகிற ஆர்வத்தில் ரகசியத்தை வாசலில் கொண்டுவந்து வைத்துவிடுகிறீர்கள்.

இதோடு இன்னும் சில குறைகளும் மனதில் வருகின்றன. இந்த வகை நாவல் என்றாலே யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற எண்ணம் உங்களிடம் இருக்கிறதோ என்று எனக்கு வருத்தம். மொழிபெயர்ப்பில் ஒரே ஆளின் பெயரை 20ஆம் பக்கத்தில் ஒரு மாதிரியும் 90ஆம் பக்கத்தில் வேறு மாதிரியும் அச்சிடுகிறீர்கள். வேறு நாவலில் அது வெறும் அச்சுப்பிழை. உளவு நாவலில் அது இரண்டாவது அடையாளம்! நானும் அப்பாவும் ஒரு வாரம் இல்லாத ஒரு போலி ஆளைத் தேடிக்கொண்டிருந்தோம். பூட்டு எப்படித் திறக்கப்பட்டது, செய்தி எப்படிச் சங்கேத எழுத்தாக மாற்றப்பட்டது என்ற பகுதிகளைச் 'சலிப்பு' என்று வெட்டிவிடுகிறீர்கள், அந்தப் பகுதிகளுக்காகத்தான் பலர் படிக்கிறோம். துரத்தலில் ஆசிரியர் குட்டிக் குட்டியாக எழுதிய வாக்கியங்களை ஒன்றாகச் சேர்த்து நீளமாக்குகிறீர்கள், ஓடிக்கொண்டிருந்தவன் நடக்க ஆரம்பித்துவிடுகிறான். ஜான் பக்கன் தன் புகழ்பெற்ற துரத்தல் நாவலை உடல்நலமின்றிப் படுத்திருந்தபோது எழுதினார், 1915இல் அது வெளிவந்தது, முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் இருந்த வீரர்கள் அதை விரும்பிப் படித்தார்கள். படுக்கையில் கிடப்பவருக்கும் குண்டுச் சத்தத்துக்கு நடுவில் இருப்பவருக்கும் துணையாக இருந்த எழுத்து இது. இதைப் படிக்கிறவர்களைக் கொஞ்சம் மதியுங்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். இந்தக் குறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கேட்டதை மட்டும் இப்போது செய்துகொடுங்கள். முடிவைத் தொட்டுப் பேசும் முன்னுரையைத் தூக்கிக் கடைசியில் பின்னுரையாக வையுங்கள், எழுதியவரின் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. பின்னட்டையில் முதல் சில அத்தியாயங்களைத் தாண்டிப் போகாதீர்கள். மூலத்தில் இல்லாத அத்தியாயத் தலைப்புகளை நீங்களாக வைத்துப் பொருளடக்கத்திலேயே யார் சாகிறார் என்று அறிவிக்காதீர்கள். இதற்கெல்லாம் கூடுதல் செலவு ஒன்றும் ஆகாது என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த மாதம் வரப்போவதாக நீங்கள் அறிவித்திருக்கும் நாவலை அப்பா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார். அது இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால், தயவுசெய்து அதன் முன்னுரையை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். இந்தத் தடவை நானும் எதையும் முன்கூட்டிப் பார்க்காமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்க வேண்டும். சீட்டும் பென்சிலும் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி ஒருத்தி