எங்கள் வட்டத்தின் 2023-24 ஆண்டறிக்கை: மெட்டாலிகாவின் முதல் வாரமும் நம் சண்டையும்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் ராக் கேட்கும் தமிழர்களான நம் வட்டத்தின் 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையான ஆண்டறிக்கை இது. இரண்டு பக்கத்துக்குள் முடிக்கச் சொல்லித் தலைவர் கேட்டுக்கொண்டார், ஆனால் வருஷத்தில் பாதி ஒரே சண்டையில் போயிருக்கும்போது அறிக்கை மட்டும் எப்படி இரண்டு பக்கத்தில் அடங்கும்?

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் அதே மாடி ஹாலில் நடந்தன. வேலை மாற்றலில் வெளியூர் போனவர்கள் சிலர், புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பிள்ளைகள் சிலர், ஆக மொத்தத்தில் கூட்டம் குறையவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார், எனவே அதற்குள் நான் போகவில்லை.

சரி, சண்டைக்கு வருவோம். அமெரிக்க மெட்டல் இசைக்குழு மெட்டாலிகாவின் '72 சீசன்ஸ்' ஆல்பம் 2023 ஏப்ரல் 14 அன்று வந்தது. சித்திரை முதல் நாள் வேறு, பாதிப் பேர் மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுவிட்டுத்தான் ஹெட்போனை மாட்டினார்கள். அடுத்த வாரக் கடைசியில் அமெரிக்காவில் வாராவாரம் ஆல்பங்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு 200 பட்டியல் கணக்கு வெளியானது: 1,46,000 யூனிட் (விற்பனையும் இணையத்தில் கேட்டதும், அதாவது ஸ்ட்ரீமிங்கும், சேர்ந்த கணக்கு), இரண்டாம் இடம். அதில் காசு கொடுத்து ஆல்பமாக வாங்கியவை மட்டும் 1,34,000. முதலிடத்தில் நாட்டுப்புற கன்ட்ரி பாடகர் மோர்கன் வாலன் தொடர்ந்து ஏழாவது வாரமாக அசையாமல் உட்கார்ந்திருந்தார். 1991-இன் கறுப்பு ஆல்பம் தொடங்கி 2016-இன் 'ஹார்ட்வயர்ட்' வரை மெட்டாலிகாவின் ஆறு ஸ்டுடியோ ஆல்பங்கள் வந்த வாரமே முதலிடத்தில் நின்றவை. ஏழாவதும் நின்றிருந்தால் டேவ் மேத்யூஸ் பேண்டின் சாதனையைத் தொட்டிருக்கும், அது நடக்கவில்லை. நம் அல்சூர் அண்ணன் இதைச் சொந்த வீடு ஜப்திக்கு வந்தது போல எடுத்துக்கொண்டார் என்பது அன்றைக்கு வந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்த மாதக் கூட்டத்தில் பாட்டு போட நேரமே கிடைக்கவில்லை. அண்ணன் ஒரு தாளை எடுத்துக் கணக்கு வாசித்தார். கறுப்பு ஆல்பம் முதல் வாரம் 5,98,000. 1996-இல் 'லோட்' 6,80,000. 2003-இல் 'செயின்ட் ஆங்கர்' 4,18,000. 2008-இல் 'டெத் மேக்னடிக்' 4,90,000. 2016-இல் 'ஹார்ட்வயர்ட்' 2,91,000. இப்போது 1,46,000. "ஏழு வருஷத்தில் சரிபாதி, தம்பி. கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது" என்று முடித்தார். புதிதாகச் சேர்ந்த கல்லூரித் தம்பி ஒருவர் எழுந்து, "அண்ணே, ஆள் இருக்காங்க, சிடி வாங்கத்தான் ஆள் இல்லை" என்றார். அதிலிருந்து ஒன்பது மணிக்கு வாட்ச்மேன் வந்து விளக்கை அணைக்கும்வரை ஓயவில்லை.

அண்ணனுடைய எண்கள் சரிதான், ஆனால் அவற்றை அப்படியே வரிசையாக வைத்து ஒப்பிடக் கூடாது என்பது என் கட்சி. காரணம் சொல்கிறேன். 'டெத் மேக்னடிக்' வெளியானது ஒரு வெள்ளிக்கிழமை. அப்போது அமெரிக்காவில் வாரக் கணக்கு ஞாயிறோடு முடியும், ஆகவே அந்த 4,90,000 வெறும் மூன்று நாள் விற்பனை. 'செயின்ட் ஆங்கர்' இணையத்தில் கசிந்துவிடுமோ என்ற பயத்தில் முன்கூட்டியே ஒரு வியாழக்கிழமை வந்தது, அதற்கு நாலு நாள். 2015 ஜூலைக்குப் பிறகுதான் உலகமெங்கும் வெள்ளிக்கிழமை வெளியீடு, வெள்ளி முதல் வியாழன் வரை முழு ஏழு நாள் கணக்கு என்றானது. ஆக 2008-ஐயும் 2023-ஐயும் சமமாகப் பார்த்தால் வீழ்ச்சி அண்ணன் சொன்னதைவிடவும் மோசம்! இதை நான் சொன்னதும் அண்ணன் என்னைப் பார்த்த பார்வை, யார் பக்கம் பேசுகிறாய் என்று கேட்டது.

நம் ஆடிட்டர் அக்கா அதுவரை வாயே திறக்கவில்லை. கடையே சுருங்கிவிட்டதே, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா என்றார். அன்றைக்கு அது அரைகுறையாக நின்றது. ஜனவரியில் 2023-இன் முழு ஆண்டுக் கணக்கு வந்ததும் ஒரு எக்ஸெல் தாளோடு திரும்பி வந்தார். அமெரிக்காவில் எல்லாக் கலைஞர்களும் சேர்ந்து விற்ற ஆல்பங்கள் 1996-இல் சுமார் 61 கோடி, 2000-இல் 78 கோடிக்கு மேல் (அதுதான் உச்சம், அந்த வருஷம் இன்சிங்க் என்ற பாப் குழுவின் ஆல்பம் ஒரே வாரத்தில் 24 லட்சம் விற்றது), 2008-இல் சுமார் 43 கோடி, 2016-இல் 20 கோடி, 2023-இல் 10 கோடி சொச்சம். இப்போது மெட்டாலிகாவின் முதல் வாரத்தை அந்தந்த ஆண்டின் மொத்த விற்பனையால் வகுத்துப் பாருங்கள். 'லோட்' வந்தபோது அமெரிக்காவில் அந்த ஆண்டு விற்ற ஒவ்வொரு 10,000 ஆல்பத்திலும் 11 அந்த ஒரு வாரத்து மெட்டாலிகா. 'டெத் மேக்னடிக்' மூன்றே நாளில் 11 சொச்சம். 'ஹார்ட்வயர்ட்' 14-ஐ ஒட்டி. '72 சீசன்ஸ்' (ஆல்பமாக விற்ற 1,34,000 மட்டும்) ஏறக்குறைய 13. இருபத்தேழு வருஷமாகப் பங்கு கிட்டத்தட்ட அசையவே இல்லை!

இந்த வருஷம் நம் வட்டத்தில் நடந்த உருப்படியான வேலை என்று கேட்டால் நான் இந்தத் தாளைத்தான் காட்டுவேன். எண்ணைப் பார்த்து இசைக்குழு தேய்ந்துவிட்டது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கடை தேய்ந்ததைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் தம்பியும் விடவில்லை. குளம் வற்றியதும் பறவைகள் எல்லாம் கிளம்பிவிட்டன, கொட்டியும் ஆம்பலும் மாதிரி மெட்டல் ரசிகர்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் பங்கு குறையாமல் தெரிகிறது என்றார். அதுவும் நியாயமான பேச்சு. சிடியும் வினைலும் இன்னும் காசு கொடுத்து வாங்குகிற கூட்டத்தில் நம் ஆட்கள் அதிகம். அந்த 1,46,000-இல் ஸ்ட்ரீமிங் வழியாக வந்தது 12,000 யூனிட் அளவுதான் என்பதே அதற்குச் சாட்சி.

அந்த ஸ்ட்ரீமிங் கணக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு மூன்று பேர் இன்னும் குழப்பத்தில் இருக்கிறார்கள். 2014 டிசம்பரிலிருந்து பில்போர்டு 200 வெறும் விற்பனைப் பட்டியல் இல்லை. ஒரு ஆல்பம் வாங்கினால் ஒரு யூனிட், தனிப்பாட்டாகப் பத்து வாங்கினால் ஒரு யூனிட், அப்புறம், 2023-இல் இருந்த விதிப்படி, சந்தா கட்டியவர்கள் 1,250 தடவை பாட்டு கேட்டால் ஒரு யூனிட், விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் 3,750 தடவைக்கு ஒரு யூனிட் (இந்தப் பிரிவினை 2018-இல் வந்தது). பாட்டு மூன்று நிமிஷமா பதினொரு நிமிஷமா என்று யாரும் பார்ப்பதில்லை. '72 சீசன்ஸ்' 12 பாட்டு, 77 நிமிஷம். கடைசிப் பாட்டு 'இனமொராட்டா' மட்டும் 11 நிமிஷத்துக்கு மேல், அவர்கள் ஸ்டுடியோ ஆல்பங்களிலேயே நீளமானது. வாலனின் ஆல்பத்தில் 36 பாட்டு. அவருடைய ரசிகர் முழு ஆல்பத்தை 35 தடவை ஓட்டினால் ஒரு யூனிட் தேறிவிடும். நம் ஆள் 104 தடவைக்கு மேல் ஓட்ட வேண்டும், அதாவது தூங்காமல் ஐந்தரை நாள். இந்த ஆட்டத்தில் நீளப் பாட்டு எழுதுகிறவன் தோற்கத்தான் செய்வான். தோல்வி என்று சொல்வதே எனக்கு உடன்பாடில்லை, வேறு அளவுகோல், அவ்வளவுதான்.

ஒரு வேடிக்கையையும் பதிவு செய்கிறேன். 2000-ஆம் ஆண்டு, இணையத்தில் பாட்டை இலவசமாகப் பகிர உதவிய நாப்ஸ்டர் மேல் வழக்குப் போட்டு, பாட்டைப் பகிர்ந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பட்டியலை மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிச் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றைக்கு அவரைத் திட்டித் தீர்த்தவர்கள் நம் வட்டத்திலேயே இருக்கிறார்கள், பெயர் வேண்டாம். இன்றைக்கு முதல் வாரக் கணக்கை வைத்து அவருக்காகக் கண்ணீர் விடுகிறவர்களும் அதே ஆட்கள்தான்.

இடத்தை வைத்துப் பெருமை பேசுவதும் சிறுமை பேசுவதும் இன்னொரு தொல்லை. 2020 நவம்பரில் ஏசி/டிசியின் 'பவர் அப்' 1,17,000 யூனிட்டில் முதலிடம் பிடித்தது. '72 சீசன்ஸ்' அதைவிட 29,000 கூடுதலாக வைத்துக்கொண்டு இரண்டாமிடம். 2008-இல் கன்ஸ் அண்ட் ரோஸஸின் 'சைனீஸ் டெமாக்ரசி' 2,61,000 விற்றும் மூன்றாமிடம்தான். எதிரே யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. பிரிட்டனில் கதை தலைகீழ்: 'ஹார்ட்வயர்ட்' அங்கே முதலிடம் பிடிக்கவில்லை, '72 சீசன்ஸ்' பிடித்தது. இதை அண்ணனிடம் சொன்னபோது, பிரிட்டன் கணக்கு நமக்கெதற்கு என்றார். அமெரிக்கக் கணக்கு மட்டும் நமக்கெதற்கு என்று அக்கா கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

குறைந்த எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு 'லூலூ' என்று ஒரு சொல் போதும். 2011 அக்டோபர் 30 அன்று நம்ம ஊர் பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிகா வாசித்தார்கள். இரண்டு நாள் முன்னால் குர்கானில் நடக்க வேண்டியது நடக்காமல் போக, இந்தியாவில் அவர்கள் முதல்முதலாக மேடையேறியது நம் ஊரில்தான், சேறு காய்ந்த செருப்பை இன்னும் வைத்திருக்கிறவர்கள் நம்மில் உண்டு. மறுநாளே ராக் பாடகர் லூ ரீடோடு சேர்ந்து செய்த 'லூலூ' ஆல்பம் கடைக்கு வந்தது. அமெரிக்காவில் முதல் வாரம் 13,000. அதற்குப் பிறகும் இசைக்குழு பிழைத்து, ஸ்டேடியங்களை நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

என் கருத்தை அறிக்கையில் எழுதக் கூடாது என்று விதி எதுவும் இல்லாததால் எழுதுகிறேன். நாற்பது வருஷமாக இருக்கும் ஒரு குழுவுக்கு முதல் வார விற்பனை என்பது பழைய ரசிகர்களில் எத்தனை பேர் இன்னும் பணப்பையைத் திறக்கிறார்கள் என்கிற கணக்கு மட்டுமே. புதிய ஆட்கள் எங்கே வருகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் வேறு பக்கம் திரும்ப வேண்டும். 1986-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டு 2022 ஜூலையில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் புண்ணியத்தில் முதல்முறையாக பில்போர்டின் தனிப்பாட்டுப் பட்டியலான ஹாட் 100-க்குள் நுழைந்து 35-ஆம் இடம்வரை ஏறியது. கறுப்பு ஆல்பம் பில்போர்டு 200-இல் 600 வாரங்களைத் தாண்டிவிட்டது. நம் கல்லூரித் தம்பிகளில் பலர் உள்ளே வந்த கதவு இவைதான். அவர்களிடம் '72 சீசன்ஸ்' முதல் வாரம் எவ்வளவு என்று கேட்டால், கூகுள் பண்ணித்தான் சொல்வார்கள்.

காசு விஷயத்திலும் இவர்களை நினைத்து யாரும் உருக வேண்டாம். 2012-லிருந்து சொந்த லேபிள், மூலப்பதிவுகள் சொந்தக் கையில், 2023 மார்ச்சில் வர்ஜீனியாவில் ஃபர்னஸ் என்ற வினைல் அச்சகத்தில் பெரும்பான்மைப் பங்கையே வாங்கிவிட்டார்கள். தட்டு விற்றாலும் அவர்களுக்கு, அச்சடித்தாலும் அவர்களுக்கு.

மற்றவை சுருக்கமாக. அக்டோபரில் ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஹேக்னி டயமண்ட்ஸ்' வந்தது, புதிதாக எழுதிய பாட்டுகளோடு 18 வருஷத்துக்குப் பிறகு வந்த ஆல்பம், பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் சுமார் ஒரு லட்சம் யூனிட்டோடு மூன்றாமிடம். அதே சண்டை மறுபடி ஆரம்பிக்கப் பார்த்தது, தலைவர் கையைத் தூக்கி முதலில் பாட்டைப் போடு என்றார், நல்லவேளை. பிப்ரவரியில் '72 சீசன்ஸ்' தலைப்புப் பாட்டுக்குச் சிறந்த மெட்டல் நிகழ்த்தலுக்கான கிராமி கிடைத்ததைக் கேசரி போட்டுக் கொண்டாடினோம். அல்சூர் அண்ணன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு ஒரு தீர்மானம் வைக்கிறேன்: இனி கூட்டத்தில் விற்பனை எண் சொல்பவர் அது யூனிட்டா வெறும் ஆல்ப விற்பனையா, எந்த நாடு, எத்தனை நாள் கணக்கு என்ற மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொல்லாதவர் அன்றைய டீ செலவை ஏற்க வேண்டும். அக்கா முன்மொழிகிறார், தம்பி வழிமொழிகிறார், அண்ணன் திருத்தம் கொண்டுவரப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இடதுபக்க ஸ்பீக்கர் கரகரப்பது எல்லோருக்கும் தெரியும், பழுதுபார்க்கப் பொருளாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் தேர்தலுக்கு முன்னால் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஓட்டு கிடையாது. செயலாளர் பதவிக்கு இந்த முறையும் நான்தான் நிற்கிறேன், எதிர்த்து நிற்க விரும்புகிறவர்கள் மனுவை வாட்ச்மேனிடம் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்