பஸ் ஸ்டாண்டு சுவர்

அன்புள்ள சண்முகம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகத் தங்கச்சி போனில் சொன்னாள். இதைப் படிக்கச் சிரமமாக இருந்தால் பேரனை வாசிக்கச் சொல். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு மதுரையில் வேலை கிடைத்துவிட்டது.

நான் நடத்தும் உளவியல் வகுப்பில் கேமராவுக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கேரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர், கிராமத்துப் பெண்கள் 62 பேர் கையில் கேமராவைக் கொடுத்தார்கள். வயலும் வீடும் பிள்ளைகளுமாக நகரும் தங்கள் வாழ்க்கையை அவர்களே படமெடுத்தார்கள், கூடி உட்கார்ந்து பேசினார்கள், அதிகாரிகள் முன்னாலும் வைத்தார்கள். இதற்கு ஃபோட்டோவாய்ஸ் என்று பெயர். பிரேசிலில் பாவ்லோ ஃபிரெய்ரே என்ற கல்வியாளர், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ஓவியங்களைக் காட்டிப் பேச வைத்தாரே, அந்த வழியில் வந்ததுதான். சமுதாய உளவியலை, அதாவது மனிதரை அவர் வாழும் சூழலோடு சேர்த்துப் பார்க்கும் பாடத்தை, நடத்த இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

என் மாணவர்களையும் அப்படிப் படமெடுத்து வரச் சொன்னேன். அதில் ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு மாணவன் பஸ் ஸ்டாண்டின் பின்பக்கச் சுவரை எடுத்து வந்தான். பிள்ளையார், மாதா, மசூதி என வரிசையாக டைல்ஸ் பதித்திருக்கிறது. டைல்ஸ் முடிகிற இடத்திலிருந்து சுவர் முழுக்க மூத்திரக் கறை. அவன் எழுதியிருந்த தலைப்பு, ‘மக்களுக்குப் பொறுப்பில்லை’. வகுப்பே தலையாட்டியது.

இந்த முறையில் வரிசையாகச் சில கேள்விகள் உண்டு. படத்தில் என்ன தெரிகிறது, உண்மையில் அங்கே என்ன நடக்கிறது, நம் வாழ்க்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு, ஏன் இப்படி இருக்கிறது, நாம் என்ன செய்யலாம். ‘ஏன்’ என்ற இடத்துக்கு வந்ததும், பக்கத்தில் கழிப்பறை எங்கே என்று ஒருத்தி கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தார்கள். இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. அப்போதுதான் கடைசி பெஞ்சில் எப்போதும் வாய் திறக்காத ஒரு பெண் சொன்னாள்: “ஆம்பளைங்களுக்குச் சுவராவது இருக்கு சார். நாங்க காலையில பஸ் ஏறுனா வீட்டுக்குப் போற வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல.”

அந்தப் படத்தில் ஒரு பெண்கூட இல்லை. ஆனால் அதன்பின் அவர்களைத் தவிர வேறெதுவும் பேச முடியவில்லை. மனிதனின் நடத்தை அவனையும் பொறுத்தது, அவனைச் சுற்றியுள்ள சூழலையும் பொறுத்தது என்று உளவியலாளர் குர்ட் லெவின் 1936லேயே எழுதிவைத்தார். வருஷா வருஷம் அதைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன், பிள்ளைகளும் பரீட்சையில் திருப்பி எழுதுகிறார்கள். அது மனசில் இறங்கியதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். தலைப்பை அடித்துவிட்டு, ‘சாவி யாரிடம்?’ என்று அவனே மாற்றினான்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். முகம் தெரிகிற படமென்றால் எடுப்பதற்கு முன்னால் அவரிடம் கேட்க வேண்டும், காட்சிக்கு வைக்குமுன் மறுபடியும் கேட்க வேண்டும். ஏழ்மை கண்ணில் பட்டதும் போனை நீட்டும் பழக்கம் இந்த வயதிலேயே விட்டுப்போக வேண்டும்.

படங்களைத் துறை வராந்தாவில் மாட்டலாம் என்றார்கள். பஸ் ஸ்டாண்டிலேயே மாட்டுவோம், கமிஷனரையும் அழைப்போம் என்று சொல்லியிருக்கிறேன். அனுமதிக்கு மனு கொடுத்தாயிற்று. வெயிலும் தூசியும் படுகிற இடம். எந்த அளவில் பிரிண்ட் போடலாம், ஃபிளெக்ஸ் இல்லாமல் வேறென்ன தாங்கும்? ஸ்டுடியோ நடத்திய ஆள் நீ, விவரமாக எழுது. முடிந்தால் இரண்டு நாள் வந்து தங்கி, படம் எடுக்குமுன் ஒருவரிடம் எப்படிக் கேட்பது என்று இந்தப் பிள்ளைகளுக்கு நீயே சொல்லிக் கொடு.

அன்புடன்,
ராமு