கூட்ரோடுகளை டிக்கெட்டில் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னைப் பெருநகரின் மூன்றாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) பற்றிப் பேச்சு வந்தாலே, முக்கிய மையங்கள் என்று தி.நகர், கோயம்பேடு, ஓ.எம்.ஆர். என்று பெரிய பெயர்கள்தான் அடிபடுகின்றன. மாநகரப் பேருந்தில் 29 வருடம் கண்டக்டராக இருந்தவன் நான். சின்ன இடங்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

51 வரிசை பஸ்ஸில் வேளச்சேரியில் ஏறுகிற கூட்டம் தாம்பரம் வரை வராது. மேடவாக்கம் கூட்ரோட்டில் மொத்தமாக இறங்கும். அதே அளவு ஏறும். பெரும்பாக்கம், மாம்பாக்கம், கீழ்க்கட்டளை வழிகள் எல்லாம் அங்கேதான் சேர்கின்றன. அன்றைக்கு அது ஒரு ஊராட்சி, அவ்வளவுதான். ஆனால் ஸ்டேஜ் (கட்டணம் மாறும் நிறுத்தம்) தாண்டுவதற்குள் டிக்கெட் போட்டு முடியாமல், வண்டியை ஓரங்கட்டச் சொல்லி நான் அதிகம் விசிலடித்த இடம் அதுதான்.

நகரமைப்பு படிக்கும் என் பேரன் போன மாதம் லேப்டாப்பில் ஒரு படம் காட்டினான். சந்திப்புகள் புள்ளிகள், சாலைகள் கோடுகள். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குப் போனாலும் மிகக் குறுகிய வழி எது, அப்படிப்பட்ட வழிகளில் எத்தனை ஒரு தெருவின் மேல் விழுகின்றன என்று எண்ணுகிறார்கள். வலையமைப்புப் பகுப்பாய்வு என்று பெயராம். அதிக வழிகள் விழும் தெரு படத்தில் சிவப்பாகத் தெரியும். ஊர் முழுக்க எண்ணினால் அண்ணா சாலையும் ஜி.எஸ்.டி. சாலையும் சிவந்து நிற்கின்றன. இதைக் கண்டக்டருக்குச் சொல்லவா வேண்டும்? "இருங்க தாத்தா" என்று, பத்து நிமிட நடையான 800 மீட்டருக்குள் மட்டும் எண்ண வைத்தான். அண்ணா சாலை மங்கி, மயிலாப்பூர் மாட வீதிகள் பளிச்சென்று வந்தன. அசந்துதான் போனேன். லண்டனில் பில் ஹில்லியர் என்ற நகரமைப்பு ஆய்வாளரின் குழுவினர் பல வருடங்களுக்கு முன்பே இந்த வழியில் தெருக்களை அளந்தார்களாம். தெருக்கள் பின்னியிருக்கும் விதம் ஆளைக் கொண்டுவருகிறது, ஆளைப் பார்த்துத்தான் கடை வருகிறது என்பது அவர்கள் வாதம்.

சரி, மேடவாக்கம் எங்கே என்று கேட்டேன். அந்த 800 மீட்டர் படத்தில் மங்கலாக இருந்தது. யோசித்தால் காரணம் புரிகிறது. ஒரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்புநிலம், இன்னொரு பக்கம் நன்மங்கலம் காடு. இடையில் மனை போட்டவர்கள் ஒரு மனைப்பிரிவின் தெருவை அடுத்த மனைப்பிரிவோடு சேர்க்காமல் சுவர் எழுப்பிவிட்டார்கள். காய்கறி வாங்க வருகிறவர் நடந்து வருவதில்லை. இரண்டு ஸ்டேஜ் பஸ்ஸில் வருகிறார். தெருவை மட்டும் எண்ணினால் அவர் கணக்கில் வரவே மாட்டார்.

அதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. எங்கள் தெருமுனைக்கு நேரெதிரே மருந்துக்கடை. படத்தில் பார்த்தால் ஒட்டினாற்போல் இருக்கிறது. சாலை நடுவே தடுப்பு வைத்த பிறகு, முட்டிவலி மாத்திரை வாங்க என் மனைவி அதே முட்டியோடு அரை கிலோமீட்டர் சுற்றிவருகிறாள். பேரனின் படத்துக்கு அந்தத் தடுப்பு தெரியாது.

1,189 சதுர கிலோமீட்டருக்குத் திட்டம் போடுகிறவர்கள் கார் போகும் சாலையை மட்டும் கோடாக வைத்துக்கொண்டு மையங்களைக் குறித்துவிடக் கூடாது என்பதே என் கவலை. நடப்பவர் எங்கே கடக்க முடியும், பஸ் எங்கே நிற்கும் என்பதும் அந்த வலையில் சேர வேண்டும். அதற்குத் தகவலும் இருக்கிறது. இப்போது கருவியில் அடிக்கும் டிக்கெட்டில் ஏறிய ஸ்டேஜும் இறங்கும் ஸ்டேஜும் பதிவாகின்றன. 2021 முதல் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் கிடையாது; ஆனாலும் கட்டணமில்லா டிக்கெட் கொடுக்கிறார்கள். அதனால் கடைக்கும் ரேஷனுக்கும் பள்ளிக்கும் ஒன்றிரண்டு ஸ்டேஜ் போய்வருவதும் இந்தக் கணக்குக்குள் வரும். ஒரு பகுதியின் கடைத்தெரு எது என்று இதைவிடத் தெளிவாக எது காட்டும்?

"டேட்டா கிடைக்கணுமே தாத்தா" என்கிறான் பேரன். ஆள் பெயர், செல்பேசி எண் எதுவும் இல்லாத வெறும் ஸ்டேஜ் கணக்கைத்தான் கேட்கிறோம். போக்குவரத்துக் கழகமும், முழுமைத் திட்டம் போடும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் (சி.எம்.டி.ஏ.) அதைப் பொதுவில் வெளியிட வேண்டும்.

ஓய்வுபெற்ற நடத்துநர்,
மேடவாக்கம்.